மிஸ்ஸியின் புது முழங்கால்

இந்த நிகழ்ச்சிகள் தொடங்குவதற்கு முன் என் நிலை என்ன என்பதைச் சொல்லிவிடுவது முறை. நான் சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டம் பெற்றவன். சிங்கப்பூர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, பிரிவு அதிகாரியாக ஓய்வு பெற்றேன். எழுபதுகளின் இறுதியில் தஞ்சோங் பகாரில் இருந்த பழைய வீட்டை விட்டு ஆங் மோ கியோவின் புது அடுக்குமாடிக்குக் குடிவந்த பிறகு, எங்கள் புளோக்கின் குடியிருப்பாளர் குழுவுக்குத் தலைவராக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டி இருந்தது, நான் வென்றேன். சீனரும் மலாய்க்காரரும் என்னைச் ‘சேர்மேன்’ என்றார்கள், தமிழர்கள் ‘சார்’ என்றார்கள். புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் ‘இங்கே சைக்கிள் ஓட்டக்கூடாது’ என்று நான்கு மொழிகளில் தொங்கிய பலகையின் தமிழ் வாசகம் நான் எழுதித் தந்தது. தமிழ்ப் பலகைகளில் பிழை மலிந்த அந்தக் காலத்திலும் அதில் ஓர் ஒற்றுகூடத் தவறியதில்லை.

எங்கள் தளத்தில் இரண்டு வீடு தள்ளி அந்த அம்மையார் குடியிருந்தார். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் எங்கள் புளோக்கில் பாதிப் பேருக்கு அது யாரென்று விளங்காது. மிஸ்ஸி என்றால் விளங்கும். தாதியரை இந்த ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள். அவர் ஓய்வு பெற்ற பிரசவத் தாதி. கம்பம் எனப்படும் பழைய கிராமக் குடியிருப்புகள் இருந்த காலத்தில், கறுப்புப் பையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, சேற்றுப் பாதைகளில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைப்பேறு பார்த்தவர். மலாயும் ஹொக்கியன் சீனமும் தமிழைப் போலவே சரளமாகப் பேசுவார். மூன்றிலும் ஒரே உரத்த குரல்.

உடம்பின் விஷயம் எதுவும் இரகசியமாக இருப்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. அதுதான் அவருடைய இயல்பு. ஒருநாள் லிஃப்டில் தேசிய சேவையின் இராணுவச் சீருடையில் ஒரு சீன இளைஞன் நின்றுகொண்டிருந்தான். உடன் இரண்டு நண்பர்கள். மிஸ்ஸி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவன் பாட்டியின் பெயரைச் சொல்லி, அந்தக் கம்பத்துப் பையன்தானே என்று கேட்டார். ஆமாம் என்றான். “ஐயோ, உன் தலை எவ்வளவு பெரிசு தெரியுமா? உன்ன வெளியே கொண்டுவர ராத்திரி பூரா பாடுபட்டேன்!” என்று ஹொக்கியனில் சொல்லி, தம் இரு கைகளையும் அகல விரித்து அளவும் காட்டினார். நண்பர்கள் சிரித்த சிரிப்பில் லிஃப்ட் குலுங்கியது. அந்தப் பையன் அதன்பின் அவரைக் கண்டால் தொப்பியைக் கழற்றி, “பாருங்கள், தலை இப்போது சரியாக இருக்கிறதா?” என்று கேட்பான்.

நானும் தப்பவில்லை. என் முதுகில் ஒரு கட்டி வந்திருந்தது. என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். குழு உறுப்பினர்களுடன் நடைபாதையில் நின்று துப்புரவுப் பணி குறித்து உரையாடிக்கொண்டிருந்தபோது, மிஸ்ஸி தம் வீட்டு வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

“சார்! கட்டி உடைஞ்சிடுச்சா?”

நான் சுருக்கமாகப் பதில் சொன்னேன்.

“சீழு வெளிய வந்துச்சா இல்லையா? அதச் சொல்லுங்க!”

அன்றைய கூட்டத்தை நான் விரைவில் முடித்துவிட்டேன். பின்னொரு நாள் இதைப் பற்றி நாசூக்காக அவரிடம் குறிப்பிட்டபோது, அவர் சற்றும் வருந்தவில்லை. “உடம்புல வெக்கப்பட என்ன சார் இருக்கு? மறைக்க மறைக்க வலி கூடும். நான் எத்தனை பேரப் பாத்திருக்கேன்,” என்றார்.

அவருடைய வலதுகால் முட்டி தேய்ந்திருந்தது. பல்லாண்டு சைக்கிள் மிதித்ததால் என்று பிறர் சொன்னார்கள். சைக்கிளை விட்ட பிறகுதான் தேய்ந்தது என்று அவர் வாதிட்டார். கால் வில்லாக வளைந்து, நண்டு போலப் பக்கவாட்டில் நடந்தார். எங்கள் லிஃப்ட் எல்லாத் தளங்களிலும் நிற்காது. எங்கள் தளத்திலிருந்து ஒரு மாடி இறங்கித்தான் அதைப் பிடிக்க வேண்டும். கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, படிக்குப் படி தம் முட்டியைத் தமிழில் திட்டியபடி அவர் இறங்குவது எங்களுக்குப் பழகிப்போன ஓசை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அந்த ஓசை நின்றது. முட்டியை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு பொருத்தப்போகிறார்கள் என்று புளோக் முழுவதும் அறிந்தது. அறிவித்தவர் அவரேதான்.

அறுவைச் சிகிச்சை முடிந்து சில நாட்களில் நானும் என் மனைவியும் மருத்துவமனைக்குப் பார்க்கச் சென்றோம். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நீட்டி, மடியில் ஒரு வினோதமான பொருளை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். அது டாக்டர் விளக்குவதற்கு வைத்திருந்த மாதிரி முட்டி. இரவல் வாங்கியவர் திருப்பித் தரவில்லை.

“வாங்க சார். வாம்மா தங்கச்சி. ஏன் அங்கேயே நிக்கறீங்க? கிட்ட வந்து பாருங்க. இதுதான் இப்ப எனக்குள்ள இருக்கு.”

ஏதாவது சொல்லவேண்டுமே என்று, “கதவுக்குக் கீல் வைப்பதுபோலத்தானே?” என்றேன்.

“கீலா!” அவர் குரல் வார்டின் மறுமூலைவரை சென்றது. “என்ன சார், பி.ஏ. படிச்ச நீங்களே இப்படிச் சொல்றீங்க? கீலு ஒரே எடத்துல நின்னு சுத்தும். முட்டி அப்படி இல்ல சார். மடக்க மடக்க உருளும், உருண்டுகிட்டே வழுக்கும். இங்க பாருங்க.”

தொடை எலும்பின் முனையில் கவசம்போல ஓர் உலோகம். வளைவாக, கண்ணாடிபோலப் பளபளத்தது. கீழே கால் எலும்பின் தலையில் உலோகத் தட்டு, அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்டிக். முழங்கால் சில்லின் பின்புறத்திலும் ஒரு பிளாஸ்டிக் பொத்தான். காலை மடக்கினால் மேலுள்ள வளைவு கீழுள்ள பிளாஸ்டிக்கின்மேல் உருண்டும் சறுக்கியும் நகர, சில்லு நடுவிலுள்ள பள்ளத்தில் வழுக்கிச் செல்லும். சாதாரண முட்டியில், காலை முழுதாக நீட்டும் கடைசித் தருணத்தில் கால் எலும்பு ஒரு சிறு திருகு திரும்பி நிலைகொள்ளுமாம். செயற்கை மூட்டில் அந்தத் திருகு அவ்வளவாக இருக்காதாம். “அது மட்டும்தான் எனக்கு வருத்தம்,” என்றார், கல்யாணத்துக்கு வராத உறவினரைப் பற்றிச் சொல்வதுபோல.

பிறகு, “கையக் குடுங்க,” என்றார்.

நான் தயங்கினேன். அவர் என் கையைப் பற்றி மாதிரி முட்டியை அதில் வைத்துவிட்டார். “மடக்குங்க. அப்படி இல்ல, மெதுவா. குழந்த தலையப் பிடிக்கிற மாதிரி.” அடுத்த கட்டிலிலிருந்த மலாய் மூதாட்டியும் இரண்டு தாதியரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மடக்கினேன். அது எதிர்பாராத மென்மையுடன் உருண்டது. இன்னொரு முறையும் மடக்கினேன். “பாத்தியா தங்கச்சி, சாருக்குப் பிடிச்சுப் போச்சு!” என்றார். என் மனைவி சிரித்ததை நான் கவனிக்காததுபோல இருந்துவிட்டேன்.

மிஸ்ஸி வீடு திரும்பிய சில வாரங்களில் எங்களுக்கு ஒன்று விளங்கியது. உலோகமும் பிளாஸ்டிக்கும் எந்த நேரமும் மடங்கத் தயார். மடங்க மறுப்பது அவற்றைச் சுற்றியுள்ள சதை. புண் ஆறும்போது உள்ளே நார்போல இறுகிவிடும். தொடக்க நாட்களில் விடாமல் மடக்கி நீட்டாவிட்டால், இறுகிய இடத்திலேயே கால் நின்றுவிடும். மிஸ்ஸி காலை மாலை பயிற்சி செய்தார். வீக்கம் இருந்தது, சூடு இருந்தது, முன்னேற்றம் மட்டும் போதவில்லை.

எவ்வளவு போதவில்லை என்பதை நான் சிராங்கூன் ரோட்டில் ஒரு புடவைக் கடையில் அறிந்தேன். அவருடைய அக்காள் மகனுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. கைத்தடியுடன் அவரை டாக்சியில் அழைத்துச் சென்றோம். பாய் விரித்த கடை அது. எல்லாரும் பாயில் அமர, மிஸ்ஸிக்கு மட்டும் முக்காலி போட்டார்கள். கடைக்காரர் புடவையை உதறிப் பிரித்தபோது மிஸ்ஸி கையை உயர்த்தினார்.

“தம்பி, ஒரு நிமிஷம் சத்தம் போடாதீங்க. இதக் கேளுங்க.”

காலை நீட்டி மடக்கினார். அமைதியில் மெல்லிய ‘கிளிக்’ ஒன்று கேட்டது.

“கேட்டுச்சா?”

“என்னம்மா அது, வளையலா?”

“முட்டி தம்பி! உள்ள இரும்பும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்குது. பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இன்னொரு தடவ கேக்கறீங்களா?”

கடையே கூடிவிட்டது. கல்லாவில் இருந்தவர்கூட எழுந்து வந்து காதைச் சாய்த்தார். நான் மறுபக்கம் திரும்பி வேட்டிகளின் கரைகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

“இன்னும் மடக்குங்கம்மா, நல்லாக் கேக்குது,” என்றார் கடைக்காரர்.

“இதுக்கு மேல போக மாட்டேங்குது தம்பி. செங்கோணத்துக்கும் கொறச்சல். அடுத்த தடவ ஆஸ்பத்திரிக்குப் போறப்பவும் இப்படியே இருந்தா...” மிஸ்ஸி நிறுத்தினார். பிறகு என் மனைவியின் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார். “மயக்க ஊசி போட்டு, நான் தூங்கறப்ப அவங்களே மடக்கிடுவாங்களாம். உள்ள ஒட்டினதெல்லாம் பிய்யுமாம்.”

அவர் ஒரு விஷயத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. நான் வேட்டியை மடித்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். எத்தனையோ பெண்களின் வலிக்கு விழித்திருந்து துணை நின்ற அந்த அம்மையாருக்கு, தாம் விழித்திராத நேரத்தில் தம் உடம்புக்கு ஒன்று நேர்வது பெரும் அச்சமாக இருந்தது. முகத்தில் அது அப்படியே தெரிந்தது.

டாக்சியில் அவரே மீண்டும் பேச்செடுத்தார். மருத்துவமனையில் தரையோடு பொருத்திய சைக்கிள் ஒன்று இருக்கிறதாம். மிதிகட்டையை ஒரு முழுச்சுற்று சுற்றிவிட்டால் முட்டி போதுமான அளவு மடங்குகிறது என்று பொருளாம். மயக்க ஊசி தேவையில்லை. முதலில் பின்னோக்கிச் சுற்ற வரும், முன்னோக்கி வருவது பிறகுதான் என்று பயிற்சியாளர் சொன்னாராம். ஆனால் அந்தச் சைக்கிளுக்கு முறை வருவது எப்போதோ ஒரு நாள்.

“எங்கள் மகள் ஜூரோங்கிற்கு மணமாகிப் போகும்போது விட்டுச் சென்ற சைக்கிள் எங்கள் ஸ்டோர் அறையில் இருக்கிறது,” என்றேன். “பெண்கள் ஓட்டும் வகை. நடுவில் குறுக்குத் தண்டு இல்லை. ஸ்டாண்டு போட்டால் பின்சக்கரம் தரையில் படாது.”

மிஸ்ஸி என்னையே பார்த்தார். “சார், உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆளா?” என்றார். டாக்சிக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

வீட்டுக்குள் இடமில்லை, நடைபாதையோ குறுகல். கீழ்த்தளத்தில்தான் வைக்க வேண்டியிருந்தது. நானே துடைத்து, எண்ணெயிட்டு, பாதுகாப்புக் கருதி இருக்கையைக் கூடியவரை தாழ்த்தினேன். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்பது என் கருத்து.

“எனக்கு ஒசரமா இருந்தாத்தான் சார் பழக்கம்.”

“விழுந்தால் பொறுப்பு எனக்கு,” என்றேன். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

பறவைக் கூண்டுகளை அங்கே மாட்டிவைத்துவிட்டு மாலைகளைக் கழிக்கும் ஒரு சீனர் இருந்தார். தேர்தலில் என்னிடம் தோற்றவர் அவர்தான். முதல் நாளே அருகில் வந்து, பலகையையும் சைக்கிளையும் மாறிமாறிப் பார்த்தார்.

“சேர்மேன், போர்டு இங்கே, சைக்கிளும் இங்கே. இது எப்படி லா?” என்று மலாயில் கேட்டார்.

“பலகை தடுப்பது சைக்கிள் ஓட்டுவதை. தரையில் சக்கரம் படாத சைக்கிளை யாரும் ஓட்ட முடியாது,” என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு போய்த் தம் பிரம்பு முக்காலியைக் கொண்டுவந்து, நன்றாகப் பார்க்கக்கூடிய இடத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மிதிகட்டை மேலே ஏறும்போதுதான் முட்டி அதிகம் மடங்க வேண்டும். மிஸ்ஸியின் கால் பாதிவரை ஏறும், உச்சிக்குச் சற்று முன் நின்றுவிடும், திரும்பிக் கீழே வரும். ஊஞ்சல்போல முன்னும் பின்னும் அதையே செய்தார். சில சமயம் இடுப்பைத் தூக்கி ஏமாற்றப் பார்ப்பார். உடனே தம்மையே அதட்டிக்கொள்வார். முட்டியிடம் பேசவும் செய்தார். அந்தப் பேச்சு எந்த அறையில் பழகியது என்பது கேட்டவர்களுக்குப் புரிந்தது.

“அவ்ளோதான் கண்ணு, அவ்ளோதான்... மூச்ச விடு... இன்னும் ஒண்ணே ஒண்ணு... முக்கு, முக்கு, முக்கு!”

முதலில் சிறுவர்கள்தான் கூடினார்கள். பிறகு மார்க்கெட்டிலிருந்து திரும்பும் பெண்கள் பைகளை இறக்கிவைத்து நின்றார்கள். அவர்களில் சிலர் இதே குரலை வேறொரு சமயத்தில் படுத்த நிலையில் கேட்டவர்கள். ஒரு மலாய் மாது சொன்னார்: “என் மூணாவது பையன் பொறந்தப்ப இவ என்னை எப்படித் திட்டினா தெரியுமா? இப்ப என் முறை.” அவர் மிஸ்ஸியின் அருகில் போய் நின்று, மலாயில் அதே சொல்லை அதைவிட உரக்கக் கத்தினார். மிஸ்ஸி சிரித்ததில் கால் நழுவியது. அன்றைய பயிற்சி அத்துடன் கெட்டது.

ஒரு மாலை மிதிகட்டை பின்னோக்கி முழுதாகச் சுற்றியது. சீனர் எழுந்து கைதட்டினார். முன்னோக்கி மட்டும் வரவில்லை. நாட்கள் கழிந்தன. மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்ற நிலை வந்தது. அன்று மிஸ்ஸி யாரிடமும் வம்பு பேசவில்லை. கைப்பிடியை இறுகப் பற்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தார். ஏறியது, நின்றது, இறங்கியது. மீண்டும் ஏறியது, அதே இடத்தில் நின்றது. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. ஒரு கட்டத்தில் காலைத் தொங்கவிட்டுவிட்டு, “போதும் சார். அவங்களே மடக்கட்டும்,” என்றார்.

கூண்டுக்குள் ஒரு பறவை மட்டும் கத்தியது. மலாய் மாது முன்னால் வந்து, தம் தலைத்துணியின் நுனியால் மிஸ்ஸியின் முகத்தைத் துடைத்தார். “நான் அன்னிக்குப் போதும்னு சொன்னேன். நீ விட்டியா?” என்றார்.

மிஸ்ஸி மறுபடி காலை மிதிகட்டையில் வைத்தார். ஏறியது. நின்ற இடத்தில் நின்றது. அங்கே அதை அவர் இறங்கவிடவில்லை. “முக்கு!” என்று யாரோ கத்தினார்கள். பிறகு எல்லாரும் கத்தினார்கள், மூன்று நான்கு மொழிகளில். அந்தக் குரல்களில் ஒன்று என்னுடையது என்பதை நான் மறுக்கவில்லை. முட்டி மெல்ல, கண்ணுக்குத் தெரியாத அளவில் நகர்ந்து, உச்சியைக் கடந்து, மறுபுறம் விழுந்தது.

“சுத்திடுச்சு!” என்று அலறினார் மிஸ்ஸி. “சுத்திடுச்சு சார்!”

அவர் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. பின்சக்கரம் ரீங்கரித்தது. அவர் மகிழ்ச்சியில் இருக்கையில் குதித்துக் குதித்து மிதித்ததில் சைக்கிள் முன்னால் உந்தி, ஸ்டாண்டு விடுபட்டு, சுழன்றுகொண்டிருந்த சக்கரம் தரையில் இறங்கியது. மிஸ்ஸி புறப்பட்டுவிட்டார்.

தூண்களுக்கிடையே வளைந்து, பலகையின் கீழாக, கார் நிறுத்துமிடத்தை நோக்கிச் சென்றார். கம்பத்துப் பாதையில் போவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மணியையும் அடித்தார். எனக்கு ஒரே கவலை: ஏறிச் செல்ல முடிந்தவரால் இறங்க முடியுமா? அந்தக் கால் தாவி ஊன்றத் தாங்காது. “பிரேக்! பிரேக்!” என்று சொல்லியபடி பின்தொடர்ந்து, கார் நிறுத்துமிடத்தின் மறுமுனையில் கேரியரைப் பற்றிவிட்டேன். அவருடைய இரண்டு பாதங்களும் தரையில் பதிந்தன. இருக்கை அதற்கேற்ற உயரத்தில்தான் இருந்தது. நான் கேரியரைப் பிடித்தபடியே மூச்சு வாங்கினேன். மிஸ்ஸி திரும்பிப் பார்த்து, “இன்னொரு ரவுண்டு போகலாமா சார்?” என்றார்.

மறுநாள் மருத்துவமனையில் ஓர் இளம் பெண் பயிற்சியாளர், இரண்டு கைகளுள்ள அளவுகோலை முட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மீண்டும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். பிறகு சைக்கிளில் ஏறச் சொன்னார். மிஸ்ஸியின் கால் தயிர் கடைவதுபோலச் சுழன்றது. வீட்டில் இருக்கையை எவ்வளவு உயரம் வைத்தீர்கள் என்று கேட்டபோது, மிஸ்ஸி கையால் காட்டினார். அந்தப் பெண் வியந்துபோனார். இருக்கை உயர்ந்திருந்தால் முட்டி குறைவாக மடங்கினாலே போதுமாம். எல்லாரையும் உயரத்தில் தொடங்கி மெல்லத் தாழ்த்துவார்களாம். அவ்வளவு தாழ்வில் தொடங்குவது கடினத்திலும் கடினமாம்.

“யார் இப்படி வைத்தது?”

“இவருதான். எங்க சேர்மேன்,” என்று மிஸ்ஸி பெருமையோடு என்னைக் காட்டினார். நான் தலையைச் சற்றே அசைத்தேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மயக்க ஊசி தேவையில்லை என்றார். மிஸ்ஸி அவர் கன்னத்தைத் தட்டி, மாதிரி முட்டியைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அதன்பின் ஞாயிறுதோறும் அவர் சைக்கிளிலேயே தேவாலயத்துக்குப் போனார். இருக்கையை அவர் விருப்பப்படி உயர்த்திக் கொடுத்தேன். பூசையில் எல்லாரும் மண்டியிடும்போது அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார்; புது முட்டிமேல் பாரம் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். திரும்பிப் பார்ப்பவர்களுக்கெல்லாம், உருளுவதும் வழுக்குவதுமான அந்த விளக்கத்தைப் பூசை முடிந்ததும் வாசலில் நின்று சொல்வார் என்று கேள்விப்பட்டேன். அதற்குத் தனிக் கூட்டமே சேருமாம்.

அவர் இறந்து ஆண்டுகள் பல ஆகின்றன. அவர் லிஃப்டிலும் தேவாலய வாசலிலும் சிராங்கூன் ரோட்டுப் புடவைக் கடையிலும் சொல்லிச் சென்ற கதை இன்னும் உலவுகிறது. சேர்மேன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் காற்றில் பறக்கவிட்டு, கார் நிறுத்துமிடம் முழுக்க மிஸ்ஸியின் பின்னால் ஓடிவந்தார் என்பது அந்தக் கதை. அந்தச் சீனரும் அதற்குச் சாட்சி சொன்னார். அன்று நான் அணிந்திருந்தது கால்சட்டை. செருப்பு என் காலில்தான் இருந்தது. நான் ஓடவில்லை, வேகமாக நடந்தேன்.